மூன்று வாரத்து ஆய்வுக்கூடம்

சென்ற மாதம் சுங்கைப்பட்டாணியில் உறவினர் வீட்டுக் காதணி விழா. பந்தியில் எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள் அக்கா மகள். கையுறைத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் எட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறாள். எஸ்டிபிஎம் தேர்வில் வேதியியலில் நல்ல தேர்ச்சி பெற்றவள். அப்போது வீட்டு நிலைமை மேலே படிக்க விடவில்லை. இப்போது இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்குப் போகிறார்கள். பழைய ஆசை திரும்பி வந்திருக்கிறது.

"மாமா, வேலை செஞ்சிக்கிட்டே கெமிஸ்ட்ரி டிகிரி படிக்க முடியுமா? மேனேஜ்மெண்ட், அக்கவுண்டிங்னா உடனே பாரத்தைக் கையில கொடுக்கறாங்க. கெமிஸ்ட்ரின்னு சொன்னா, லேப் இருக்கே, அதுக்கு எப்படி வருவீங்கன்னு கேக்கறாங்க."

சாம்பார் ஊற்ற வந்தவர் நகரும்வரை நான் பதில் சொல்லவில்லை. ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய பதிலும் இல்லை. தொலைதூரக் கல்வியில் பட்டம் பெற்ற அறிவியல் ஆசிரியன் நான். அந்த 'எப்படி வருவீங்க' என்ற கேள்விக்கு ஒரு காலத்தில் என்னிடம் எளிதான பதில் இருந்தது. அந்தப் பதில் அவளுக்குப் பொருந்தாது என்பதுதான் சிக்கல்.

பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971-ல் வெளிவளாகப் படிப்பைத் தொடங்கியது. இங்கிலாந்தின் திறந்த பல்கலைக்கழகம் தன் முதல் மாணவர்களைச் சேர்த்ததும் அதே ஆண்டில்தான். நம் நாட்டில் அந்தப் படிப்பில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் என்னைப் போன்ற பள்ளி ஆசிரியர்கள். பாடநூல்கள் தபாலில் வரும். இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு படிப்போம். ஆண்டுக்கு ஒருமுறை மூன்று வாரம் மிண்டன் வளாகத்துக்குப் போய்த் தங்கினோம். அந்த மூன்று வாரத்தில்தான் ஆய்வுக்கூடம். முழுநேர மாணவன் வாரத்துக்கு ஒரு பிற்பகல் என்று ஓராண்டு முழுவதும் பரப்பிச் செய்வதை நாங்கள் அந்தச் சில நாள்களில் செய்து முடித்தாக வேண்டும்.

முதல் நாள் டைட்ரேஷன். பியூரெட்டிலிருந்து காரத்தைச் சொட்டுச் சொட்டாக அமிலத்துக்குள் விட்டு, நிறம் மாறும் அந்த ஒரு சொட்டைப் பிடிக்க வேண்டும். பள்ளியில் எத்தனையோ மாணவர்களுக்கு நானே செய்து காட்டிய சோதனைதான். ஆனால் பள்ளியில் 'ஏறக்குறைய 25 மில்லிலிட்டர்' என்றால் போதும். இங்கே அடுத்தடுத்த இரண்டு அளவுகளுக்கு இடையே 0.1 மில்லிலிட்டருக்கு மேல் வேறுபாடு இருக்கக்கூடாது. என் முதல் மூன்று அளவுகள் 24.6, 25.3, 24.9. ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தையே இல்லை.

பக்கத்து மேசையில் கிளந்தானிலிருந்து வந்த மலாய் ஆசிரியர் ஒருவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தார். வலக்கையால் குழாய்த் திருகைப் பிடித்திருந்த என் கையை எடுத்துவிட்டு, இடக்கையைக் குழாயைச் சுற்றிப் பின்புறமாகக் கொண்டுவந்து திருகில் வைத்தார். வலக்கையில் குடுவையைக் கொடுத்தார். இடக்கை திருக, வலக்கை குடுவையைச் சுழற்ற, வெளிர் இளஞ்சிவப்பு வந்து அரை நிமிடம் மறையாமல் நின்றது. பிறகு எடுத்த மூன்று அளவுகளும் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்தன. பாடநூலில் இந்தக் கைப்பிடி படத்தோடு இருந்தது. நான் படித்தும் இருந்தேன். கை படிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த மூன்று வாரத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அது ஆசிரியர்களின் நாட்காட்டிக்கு ஏற்றபடி வெட்டித் தைத்த சட்டை. எங்களுக்குப் பள்ளி விடுமுறை இருந்தது. கடைசி ஆண்டை வளாகத்திலேயே முழுநேரமாகக் கழிக்க வேண்டும் என்ற விதியும் அந்தக் காலத்தில் இருந்தது. அந்த ஓராண்டை நினைத்தே சேராமல் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவளின் கணக்கு வேறு. நம் நாட்டு வேலைச் சட்டம் 1955-ன்படி, ஒரே முதலாளியிடம் ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்குக் கட்டாயமாகக் கிடைக்கும் ஆண்டு விடுப்பு 16 நாள். ஐந்துக்கும் குறைவென்றால் 12, இரண்டுக்கும் குறைவென்றால் 8. வாரத்துக்கு ஆறு நாள் வேலை செய்பவருக்கு மூன்று வாரம் என்பது 18 வேலை நாள். எட்டு ஆண்டு உழைத்த அவளிடம் உள்ள மொத்த விடுப்பையும் போட்டாலும் இரண்டு நாள் உதைக்கிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், தீபாவளிக்கு முதல் நாள் வீட்டைச் சுத்தம் செய்ய வேண்டுமென்றால், ஒரு நாளும் மிச்சமில்லை. இப்படிப் பார்த்தால், அறிவியல் பட்டம் கேட்பவர்களை வடிகட்டுவது மூளையும் பணமும் மட்டுமல்ல, விடுப்பு அட்டையும்தான்.

ஆகவே, மாணவர் ஆய்வுக்கூடத்துக்கு வர முடியாவிட்டால் ஆய்வுக்கூடம் மாணவரிடம் போகுமா என்று யோசித்தவர்களின் கதைக்கு வருகிறேன். இதில் எனக்குப் பிடித்த பாத்திரம் ஒரு நுண்ணோக்கி.

இங்கிலாந்தின் திறந்த பல்கலைக்கழகம் 1971-ல் அறிவியல் அடிப்படைப் பாடத்தைத் தொடங்கியபோது ஆயிரக்கணக்கான மாணவர்கள் வீட்டில் இருந்தார்கள். லாரி ஓட்டுநர், குடும்பத் தலைவி, தொழிற்சாலைப் பணியாளர் எனப் பலவகை. பிபிசி தொலைக்காட்சியில் பேராசிரியர் செய்து காட்டுவார். ஆனால் பார்த்தால் போதாது என்று பல்கலைக்கழகம் முடிவு செய்தது. சோதனைப் பொருள்களைப் பெட்டியில் அடைத்து வீட்டுக்கே அனுப்பியது. சோதனைக்குழாய்கள், வேதிப்பொருள்கள், அளவுக் கருவிகள் எல்லாம் அதில் இருந்தன. பாடம் முடிந்ததும் பெட்டியைத் திருப்பி அனுப்ப வேண்டும். அடுத்த ஆண்டு அது வேறொருவர் வீட்டுக்குப் போகும்.

உயிரியல் வேண்டுமென்றால் நுண்ணோக்கி வேண்டும். இரும்பும் பித்தளையும் சேர்ந்த வழக்கமான நுண்ணோக்கியைத் தபாலில் ஆயிரக்கணக்கில் அனுப்ப முடியுமா? இங்கேதான் மருத்துவர் ஜான் மெக்ஆர்தர் வருகிறார். 1930-களிலேயே கையடக்க நுண்ணோக்கி ஒன்றை உருவாக்கியவர். நீண்ட குழாய்க்குள் நேராகப் போக வேண்டிய ஒளிப்பாதையை மடித்துச் சுருக்கினார். கண்ணாடித் தகட்டைக் கவிழ்த்து மேலே வைத்து, வில்லையைக் கீழே கொண்டுபோனார். மொத்தக் கருவியும் ஒரு கேமரா அளவுக்குச் சுருங்கியது. திறந்த பல்கலைக்கழகத்துக்காக அதையே பிளாஸ்டிக்கில் செய்தார்கள். அது 1972-ல் பிரிட்டனின் வடிவமைப்புக் கழக விருதையும் பெற்றது.

நம் வாசகர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி. இந்த மெக்ஆர்தர், வட போர்னியோவில், அதாவது இன்றைய சபாவில், தம்புனான் பகுதியில் மலேரியா ஆய்வு செய்தவர். அங்கே நோயைப் பரப்புவது எந்தக் கொசு என்று கண்டறிந்தவர். காட்டுப் பகுதியில் ஆய்வு செய்யும் மனிதருக்குத் தூக்கிக்கொண்டு போகும் நுண்ணோக்கியின் அருமை தெரியாதா என்ன? நம் பகுதிக் காட்டில் கொசு தேடியவரின் கருவிதான், கொஞ்ச காலம் கழித்து இங்கிலாந்துச் சமையலறை மேசைகளில் வெங்காயத் தோலைப் பார்க்கப் பயன்பட்டது.

கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகமும் இதே வழியில் வேதியியல் சோதனைப் பெட்டிகளை மாணவர் வீட்டுக்கு இரவல் அனுப்புகிறது. தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் இயங்கும் ராட்மாஸ்டே மையம் வேறொரு சிக்கனத்தைக் காட்டியது. குடுவைக்குப் பதில், சிறு சிறு குழிகள் உள்ள உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டு. மில்லிலிட்டருக்குப் பதில் சொட்டுகள். ஒரு குழியில் நான்கு சொட்டு அமிலம், அதில் ஒரு சொட்டு நிறங்காட்டி, பிறகு காரத்தை எண்ணி எண்ணி விட வேண்டும். யுனெஸ்கோ இந்த நுண்ணளவுச் சோதனைகளைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது. இதில் நல்லது என்னவென்றால், சொட்டுக் கணக்கில் இருப்பதால் ஆபத்தும் சொட்டுக் கணக்கில்தான். கழிவும் அப்படியே. தட்டு கவிழ்ந்தால் துணியால் துடைத்துவிடலாம்.

கண்ணாடியும் வேண்டாம், காகிதமே போதும் என்று காட்டியவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மனு பிரகாஷ். 2014-ல் அவர் குழு வெளியிட்ட ஃபோல்ட்ஸ்கோப், காகித அட்டையை மடித்துச் செய்யும் நுண்ணோக்கி. செய்பொருள் செலவு ஒரு டாலருக்கும் கீழே. 140 மடங்கு பெருக்கிக் காட்டும். பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பள்ளி வளாகக் குட்டைத் தண்ணீரைப் பார்க்கலாம். நான் பார்த்திருக்கிறேன். கை நடுங்குபவர்களுக்கு அது கொஞ்சம் சோதனைதான்.

ஆனால் பெட்டியை அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அடர் அமிலத்தைத் தபாலில் அனுப்ப முடியாது. புகைபோக்கிப் பெட்டி இல்லாமல் செய்யவே கூடாத சோதனைகள் உண்டு. நம் அடுக்குமாடி வீட்டிலும் சிங்கப்பூரின் வீவக வீட்டிலும் சமையலறை என்பது மூன்று எட்டில் முடிந்துவிடும். அதில் பாதி இடத்தைச் சோற்றுக் கொதிகலனும் பிள்ளையின் பால் போத்தலும் பிடித்திருக்கும். சோதனை செய்த கண்ணாடிக் குவளையில் மறுநாள் யாரும் தேநீர் குடிக்காமல் பார்த்துக்கொள்வது யார் பொறுப்பு? இதையெல்லாம் எழுதி, படம் போட்டு, தொலைபேசியில் கேட்டால் பதில் சொல்ல ஆள் வைத்து அனுப்புகிற பெட்டிதான் ஆய்வுக்கூடம். மற்றவை வெறும் பொட்டலம்.

மூன்றாவது வழி, அக்கம்பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆய்வுக்கூடத்தை இரவல் வாங்குவது. 1985-ல் தொடங்கிய இந்தியாவின் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இதைத்தான் செய்கிறது. நாடு முழுவதும் உள்ள கல்லூரிகளைப் படிப்பு மையங்களாக்கி, அவற்றின் ஆய்வுக்கூடத்திலேயே செய்முறை வகுப்பை நடத்துகிறது. எனக்கு இது மிக நியாயமான யோசனையாகப் படுகிறது. நம் நாட்டில் எந்தச் சிற்றூரிலும் ஓர் இடைநிலைப்பள்ளி இருக்கிறது. அதில் ஆய்வுக்கூடம் இருக்கிறது. சனி, ஞாயிறுகளில் அந்தக் கதவில் பூட்டுத் தொங்குகிறது. பட்டப்படிப்புக்குரிய எல்லாச் சோதனையையும் அங்கே செய்ய முடியாது. ஆனால் முதலாம் ஆண்டின் பெரும்பகுதியைச் செய்யலாம். உதவியாளருக்கு மிகைநேரச் சம்பளம் யார் கொடுப்பது, ஒரு குடுவை உடைந்தால் யார் கணக்கில் எழுதுவது என்ற இரண்டு கேள்விகளில்தான் இந்த மாதிரித் திட்டங்கள் பெரும்பாலும் படுத்துவிடுகின்றன. அறிவியலுக்கும் அவற்றுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

இனி, கணினி வழி. இதில் இரண்டு வேறு வேறு சங்கதிகளை ஒரே பெயரில் போட்டுக் குழப்புகிறார்கள். ஒன்று, எங்கோ இருக்கும் உண்மையான கருவியை இணையம் வழியாக இயக்குவது. மற்றது, கருவியே இல்லாமல் திரையில் அதன் பாவனையை இயக்குவது.

முதல் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்காவின் எம்ஐடி. அங்கே 1998-ல் மின்னணுப் பாடத்துக்காக ஒரு ஆய்வுக்கூடத்தை இணையத்தில் திறந்தார்கள். மாணவர் தம் அறையில் இருந்தபடி மின்னழுத்தத்தைக் குறித்து அனுப்புவார். ஆய்வுக்கூடத்தில் உள்ள உண்மையான டிரான்சிஸ்டரில் அது செலுத்தப்பட்டு, உண்மையான அளவு திரும்பி வரும். பிறகு அதே ஏற்பாடு நைஜீரியா, உகாண்டா, தான்சானியா பல்கலைக்கழகங்களுக்கும் விரிந்தது. அவ்வளவு விலையுள்ள அளவுக் கருவியை ஒவ்வொரு நாடும் வாங்க வேண்டியதில்லை. இரவில் சும்மா கிடக்கும் கருவி, உலகின் மறுபக்கத்தில் பகலாக இருப்பவருக்கு வேலை செய்யும். இங்கிலாந்தின் திறந்த பல்கலைக்கழகம் ஸ்பெயினின் தெனெரிஃபே தீவில் ஒரு தொலைநோக்கி வைத்திருக்கிறது. மேகம் மூடிய இங்கிலாந்தில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் மாணவர் அதைத் திருப்பி விண்மீனைப் படம் எடுக்கலாம்.

இதில் நாம் இழப்பது என்ன என்று யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. டிரான்சிஸ்டருக்குள் நடப்பதை நேரில் போனாலும் யாரும் கண்ணால் பார்க்கப் போவதில்லை. நேரில் போனாலும் திரையைத்தான் பார்ப்போம். இன்றைய வானியலாளர்களும் தொலைநோக்கிக் குழாயில் கண் வைத்து நிற்பதில்லை. ஆகவே இந்தத் துறைகளில் தொலைவு பெரிய நட்டமில்லை. என் டைட்ரேஷன் திருகுக்கு இது பொருந்துமா? பொருந்தாது. எந்தச் சோதனையில் கை கற்கிறது, எதில் கண்ணும் கணக்கும் மட்டும் கற்கின்றன என்று பிரித்துப் பார்த்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

இரண்டாவது வகை, பாவனை. இதைப்பற்றி நான் கொஞ்சம் இளக்காரமாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஃபெட் என்னும் திட்டம் என் நினைப்பைச் சற்று அசைத்தது. மின்சுற்று, அலை, அமில காரம் என்று பல பாவனைகளை அவர்கள் இலவசமாகத் தருகிறார்கள். 2005-ல் அங்கே ஒரு ஆய்வு வெளியானது. மாணவர்களில் ஒரு பிரிவினர் உண்மையான பல்பு, கம்பிகளைக்கொண்டு மின்சுற்றுப் படித்தார்கள். மறுபிரிவினர் திரையில் மட்டும் படித்தார்கள். கடைசியில் எல்லாரிடமும் உண்மையான கம்பிகளைக் கொடுத்துச் சுற்று அமைத்து விளக்கச் சொன்னார்கள். நன்றாகச் செய்தவர்கள் திரையில் படித்தவர்கள்! திரையில் மின்னணுக்கள் நகர்வது கண்ணுக்குத் தெரியும்; உண்மைக் கம்பியில் தெரியாது. உண்மைக் கம்பி துருப்பிடித்திருந்தால் பல்பு எரியாது. மாணவர் குழம்பி நிற்பார்.

இதைக் காட்டி, 'பார்த்தீர்களா, ஆய்வுக்கூடமே தேவையில்லை' என்று சிலர் கிளம்புகிறார்கள். அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. மின்சுற்று என்ற கருத்தைப் புரிந்துகொள்ளப் பாவனை உதவியது, அவ்வளவே. துருப்பிடித்த கம்பியைக் கண்டுபிடிப்பதும் ஒரு கல்வி. தொழிற்சாலையில் சம்பளம் கொடுப்பது அதற்குத்தான். பாவனையில் கம்பி துருப்பிடிப்பதே இல்லை.

2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, முழுநேர மாணவர்களும் ஒரே இரவில் தொலைதூர மாணவர்கள் ஆனார்கள். பல இடங்களில் விரிவுரையாளர் தனியாக ஆய்வுக்கூடத்தில் நின்று சோதனை செய்வதைப் படம் எடுத்து அனுப்பினார்கள். அல்லது அளவுகளைக் கொடுத்து 'அறிக்கை எழுது' என்றார்கள். அவசரத்துக்கு வேறு என்ன செய்ய முடியும்? குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. கொடுத்த எண்ணை வைத்து எழுதிய அறிக்கைகளில் 'பிழைக்கான காரணங்கள்' என்ற பகுதி எல்லாம் ஒன்றுபோலவே இருந்ததாக நண்பர் ஒருவர் சொன்னார். எல்லாரும் 'இடமாறு தோற்றப்பிழை' என்று எழுதியிருந்தார்களாம். தன் கையால் செய்யாத பிழைக்குக் காரணம் எழுதச் சொன்னால் வேறு என்ன எழுதுவார்கள்?

இந்த இடத்தில்தான் அக்கா மகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். செலவே இல்லாதது. நூலில் ஒரு கனமான பொருளைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டி, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடி என்றேன். நம் நாட்டில் அது 9.78 மீட்டர் அளவில் இருக்கும். நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், பாடநூலில் எழுதியிருக்கும் 9.81-ஐவிடக் கொஞ்சம் குறைவு.

இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தாள்.

"மாமா, 30 பர்சென்ட் தப்பா வருது."

"எத்தனை ஆட்டம் எண்ணினே?"

"ஒண்ணுதான். போன்ல ஸ்டாப்வாட்ச் வச்சி."

ஒரு மீட்டர் நூல் ஒருமுறை போய்வர ஏறக்குறைய 2 வினாடி ஆகும். விரல் அழுத்துவதில் 0.3 வினாடி தவறினால் 15 விழுக்காடு பிழை. கணக்கில் நேரம் இருமடியாக வருவதால் அது ஏறக்குறைய 30 ஆகிவிடும். 20 ஆட்டத்தை எண்ணினால் மொத்தம் 40 வினாடி, அதே 0.3 வினாடித் தவறு ஒரு விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். இதை நான் சொல்லவில்லை. 'விரல் எவ்வளவு தப்பு பண்ணும்னு யோசி' என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

அன்றிரவே வாட்ஸ்அப்பில் ஒரு தாளின் படம் வந்தது. 20 ஆட்டம், 40.2 வினாடி. நூல் 98 சென்டிமீட்டர். விடை 9.58. கீழே ஒரு வரி: 'எத்தனை தடவை செஞ்சாலும் குறைவாவே வருது, மாமா. ஒரு தடவைகூட மேலே போகல.'

எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஏறி இறங்கி வரும் பிழை வேறு, எப்போதும் ஒரே பக்கம் சாயும் பிழை வேறு என்பதை அவள் தானாகவே கண்டுவிட்டாள். என்ன கட்டித் தொங்கவிட்டாள் என்று கேட்டேன். வாசல் பூட்டு. நூலை முடிச்சுவரை அளந்திருக்கிறாள். பூட்டின் எடை குவியும் இடம் முடிச்சுக்கு இரண்டு சென்டிமீட்டர் கீழே இருக்கிறது. 98-க்குப் பதில் 100 என்று போட்டால் 9.77. அதை அவளே கண்டுபிடிக்க மேலும் ஒரு நாள் ஆனது. அந்த ஒரு நாளை எந்தப் பாவனையும் கொடுத்திருக்காது.

பிறகு சங்குப்பூச் சோதனை. கிளந்தான் நாசி கெராபுவுக்கு நீல நிறம் கொடுக்கிற அதே பூவைக் கொதிநீரில் போட்டால் நல்ல நிறங்காட்டி கிடைக்கும். எலுமிச்சைச் சாற்றில் ஊதாவாகும். அப்பச் சோடாவில் பச்சைப் பக்கம் போகும். மருந்துக்கடையில் வாங்கிய ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்று பியூரெட்டாகும். இரண்டு பிள்ளைகளும் வந்து உட்கார்ந்துகொண்டார்களாம். கடைசியில் எலுமிச்சைச் சாறு முழுவதும் அவர்கள் வயிற்றுக்குள் போய்விட்டதால் இந்தச் சோதனைக்கு முடிவு பதிவாகவில்லை.

பேச்சுவாக்கில் அவள் வேலையைப்பற்றிக் கேட்டேன். கையுறைக்குள் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, இரண்டு நிமிடம் கசிகிறதா என்று பார்ப்பார்களாம். ஒரு தொகுதியிலிருந்து எத்தனை உருப்படி எடுப்பது, எத்தனை கசிந்தால் மொத்தத்தையும் தள்ளுவது என்பதற்கு அட்டவணை உண்டாம். இழுவைச் சோதனை, தடிமன் அளவீடு, கருவியை மாதந்தோறும் சரிபார்த்தல் எல்லாம் அவள் கையெழுத்தில்தான் போகின்றன. எட்டு ஆண்டுகளாக ஆய்வுக்கூடத்திலேயே இருப்பவளைப் பார்த்து 'லேப்புக்கு எப்படி வருவீங்க' என்று கேட்டிருக்கிறார்கள்!

நம் நாட்டில் அனுபவக் கல்விக்கு மதிப்பளிக்கும் அப்பெல் என்ற முறை இருக்கிறது. மலேசியத் தகுதி முகமை அதற்கான நெறிகளை வகுத்திருக்கிறது. பட்டப்படிப்பில் சேர்வதற்கான தகுதியாக அனுபவத்தைக் காட்டலாம். சில பாடங்களுக்குப் புள்ளியாகவும் மாற்றக் கேட்கலாம். தொழிற்சாலை அனுபவம் கரிம வேதியியல் ஆய்வுக்கூடத்துக்கு ஈடாகாது, உண்மை. ஆனால் அளவிடுதல், பிழை, தரக் கட்டுப்பாடு ஆகியவற்றைக் கற்பிக்கும் பாடத்துக்கு அது ஏன் ஈடாகக்கூடாது? கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்காதவருக்கு யாரும் கொடுப்பதில்லை.

அவளுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்த கேள்விகளை இங்கேயும் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒருவர் இப்படி நின்றுகொண்டிருக்கலாம். செய்முறை வகுப்பு எத்தனை நாள், எந்த ஊரில்? ஒரே மூச்சில் மூன்று வாரமா, வார இறுதிகளாகப் பிரித்துத் தருவார்களா? பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் ஒரு நாள் தவறினால் அந்த ஒரு சோதனையை மட்டும் மறுபடி செய்யலாமா, அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டுமா? வீட்டுக்குப் பெட்டி வருமென்றால் அதற்கு முன்பணம் எவ்வளவு, உடைந்தால் யார் பொறுப்பு? சோதனையை நான்தான் செய்தேன் என்று எப்படிச் சரிபார்ப்பார்கள்: படமா, நேர்காணலா? பட்டத்தைத் தகுதி முகமையின் பதிவேட்டில் பார்க்க முடியுமா? அந்தப் பட்டத்தோடு பின்னாளில் வேதியியலாளராகப் பதிவு செய்துகொள்ள மலேசிய வேதியியல் கழகம் ஏற்குமா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கல்லூரி முகவரிடம் கேட்காமல் கழகத்திடமே நேரடியாகக் கேட்கச் சொன்னேன். முகவருக்கு எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்தான்: 'பிரச்சினை இல்லை.'

அவள் இரண்டு இடங்களுக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள். ஓர் இடத்திலிருந்து பதில் வந்துவிட்டது. செய்முறைக்கு ஆண்டுக்குப் பத்து நாள் நேரில் வர வேண்டுமாம். இரண்டு தவணையாகப் பிரித்துக்கொள்ளலாமாம். விடுப்பு அட்டையை வைத்துக்கொண்டு அவள் கணவரும் அவளும் இரவெல்லாம் கணக்குப் போட்டார்களாம். பத்து போனால் மிச்சம் ஆறு. தீபாவளிக்கு இரண்டு, மாமியார் வீட்டுத் திருவிழாவுக்கு ஒன்று.

"மிச்சம் மூணு நாள் மாமா. பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் காய்ச்சல் மூணு நாளுக்குள்ள வந்து போகணும்."

பாரத்தை இந்த வாரம் அனுப்புகிறாள்.